நான்காம் பங்கை அழித்தது யார்?

ட்ரிங்... ட்ரிங்...!

கம்ப்யூட்டர் அறையில் போன் அலறியது.

போனுக்கு அரையடி தள்ளி ஒரு கை கிடந்தது. கைக்குச் சொந்தக்காரி அந்த மருந்துக் கம்பெனியின் கெமிஸ்ட். அவள் இனி எந்தப் போனையும் எடுக்க மாட்டாள். பின்மண்டை உடைந்திருந்தது. பக்கத்தில், மூடி போட்ட பெரிய பாத்திரம் மாதிரி, ரத்தம் அப்பிய ஓர் உபரி டிஸ்க் பேக், கம்ப்யூட்டர் தகவல்களைப் பதியும் தட்டுகளின் அடுக்கு.

மேனேஜர் பிணத்தைத் தாண்டிப் போய் ரிசீவரை எடுத்தார்.

தாண்டி! ஏதோ மிதியடியைத் தாண்டுவது போல!

"லாரிதானே? பன்னெண்டு மணிக்கு டான்னு கிளம்பட்டும். இங்கே ஒரு சின்னப் பிரச்னை, அவ்வளவுதான்."

வாசலில் நின்ற லேடி இன்ஸ்பெக்டர் முகத்தைச் சுளித்தாள்.

அறையும் லேசுப்பட்டதல்ல. பீரோ உயரத்துக்கு ஒரு கிழட்டு மினி கம்ப்யூட்டர். தரைப் பலகைக்கு அடியில் எலி செத்து மூன்று நாளாவது ஆகியிருக்கும். டீ கப்பில் சிகரெட் துண்டுகள் ஊறிக்கொண்டிருந்தன. இத்தனைக்கும் நடுவே மேனேஜர் பல் குத்தினார். குத்தி எடுத்ததை உற்றுப் பார்த்தார். மறுபடி வாயில் போட்டுக்கொண்டார்.

சீ!

"ஒரு பொண்ணு செத்துக் கிடக்கா. இது சின்னப் பிரச்னையா?"

"ரெண்டு பிரச்னை மேடம். இந்த மெஷினோட இணைச்ச என் ரூம் திரையில சீட்டாட்டம் ஆடிட்டிருந்தேன். ஒம்பதரைக்குத் திடீர்னு புட்டுக்கிச்சு! ஜெயிக்கிற கை மேடம் அது!"

இன்ஸ்பெக்டர் அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தைதான் வரும்.

மூலையில் ஒருவன் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். கம்ப்யூட்டர் ஆபரேட்டர். இருபது வருஷ சர்வீஸ்.

"எனக்குக் கூடப் பிறக்காத தங்கச்சி மேடம் அவ! ஒரு வாரம் லீவு முடிஞ்சு இன்னைக்குத்தான் வர்றேன். பத்து மணிக்கு உள்ளே நுழைஞ்சா... ஐயோ!"

"யார் மேல சந்தேகம்?"

அவன் மேனேஜரை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"பதினாறாம் தொகுதி இருமல் மருந்து குடிச்ச ஒம்பது பிள்ளைங்க ஆஸ்பத்திரியில கிடக்கு மேடம். அடுத்து பதினேழு. அதைத்தான் லாரியில ஏத்தியிருக்காங்க. இவ அதை மறுபடி டெஸ்ட் பண்ணா. தேறலை! அந்த ரிசல்ட்டை நேத்து டிஸ்க்ல ஏத்தி வெச்சா."

இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று முப்பத்தைந்து.

"அந்த ரிசல்ட்டை எடு. ஒரு ஆதாரம் கையில இருந்தா லாரியை கேட்லயே நிறுத்திடுவேன்."

"இதோ மேடம். ஒரே டிஸ்க்கை எட்டுப் பங்கா வெட்டி வெச்சிருக்கோம். பழைய டெஸ்ட் ரிசல்ட் மூணாம் பங்குல, புது ரிசல்ட் நாலாம் பங்குல."

"பாகப்பிரிவினை மாதிரியா?"

"அதேதான். ஆனா எல்லைக்கல் எல்லாம் வெறும் எண்ணு. எந்தப் பங்கு எந்த எண்ணுல ஆரம்பிக்குதுன்னு இந்தப் பழைய மெஷின் தானா சொல்லாது. மெஷின் கதவுக்கு உள்பக்கம் ஒரு தாள்ல எழுதி ஒட்டியிருக்கும். அதெல்லாம் கத்துக்குட்டிங்களுக்கு. எனக்கு மனப்பாடம்! நாலாம் பங்கு... நாப்பதாயிரம் முதல் நாப்பத்தாறாயிரம் வரை."

படபடவென்று தட்டினான்.

திரை நிறையப் பூச்சியங்கள்!

பூச்சியம்... பூச்சியம்... பூச்சியம்...

"போச்சு மேடம்! நாலாம் பங்கைச் சுத்தமா துடைச்சிட்டானுங்க! மேனேஜருக்கும் மெஷினை நோண்டத் தெரியும்..."

"டேய்! எனக்குச் சீட்டு கலைக்க மட்டும்தான்டா தெரியும்!" மேனேஜர் கத்தினார். எச்சில் தெறித்து இன்ஸ்பெக்டரின் தொப்பியில் விழுந்தது.

"த்தூ! தள்ளி நில்லுய்யா!"

பின்வாங்கிய இன்ஸ்பெக்டரின் முதுகு கம்ப்யூட்டரின் கதவில் இடித்தது. கதவு திறந்துகொண்டது.

உள்பக்கம் அந்தத் தாள்.

பழைய எண்களெல்லாம் அடிக்கப்பட்டிருந்தன. மேலே பென்சிலில் புது எண்கள். பெண் கையெழுத்து. போன வியாழக்கிழமைத் தேதி.

இன்ஸ்பெக்டர் படித்தாள். மறுபடி படித்தாள்.

பிறகு ஆபரேட்டரிடம் திரும்பினாள்.

"ஏன்ப்பா... ஐம்பத்திரண்டாயிரத்தைத் திற."

"அது காலி இடம் மேடம்."

"திறடா!"

அவன் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தான்.

பின்னால் நின்ற கான்ஸ்டபிள் அவன் பிடரியில் கை வைத்ததும் தட்டினான்.

திரையில் வரிசை வரிசையாக எழுத்துகள் வந்து நின்றன.

'தொகுதி 17. விஷக் கலப்பு. தேறவில்லை.'

மணி பதினொன்று ஐம்பத்தாறு! இன்ஸ்பெக்டர் போனைப் பறித்தாள். "மெயின் கேட்டா? போலீஸ் பேசறேன். லாரி ஒரு அடி நகர்ந்தா உன்னை உள்ளே தள்ளுவேன். சாவியைப் பிடுங்கு!"

ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"உன் தங்கச்சி தாள்ல எழுதியிருக்கா, கேளு. 'மூன்றாம் பங்கின் வால் நான்காம் பங்கின் தலைமேல் ஆறு மாதமாக ஏறிக் கிடந்திருக்கிறது. தேறாத மருந்துக்குப் பழைய மருந்தின் நல்ல ரிசல்ட் வந்திருக்கிறது. நான்காம் பங்கை 52,000-க்கு நகர்த்திவிட்டேன்.' எல்லையைத் தப்பாப் போட்டது யாரு?"

ஆபரேட்டர் முதல் தடவையாகத் தாளைப் பார்த்தான்.

"மனப்பாடப் புலி நீதான்! தாளைப் பார்க்காம ஒரு எண்ணைத் தப்பாப் போட்டே. அதுக்கு ஒம்பது பிள்ளைங்க ஆஸ்பத்திரியில. நேத்து அவ ரிசல்ட் ஏத்தினது லீவுல இருந்த உனக்கு எப்படித் தெரியும்? இன்னைக்குக் காலையில அவ உன் மூஞ்சிக்கு நேரா சொன்னா. அப்படித்தானே?"

"இருபது வருஷம் மேடம்!" அவன் வெடித்தான். "இந்த மெஷினை என்னை விட்டா யாருக்குத் தெரியும்? நேத்து வந்தவ, எனக்கே கணக்குச் சொல்லித் தர்றா! 'பிள்ளைங்க சாகட்டும், உங்க பேருதான் முக்கியமா'ன்னு கேட்டா. கைல கிடைச்சதை எடுத்து..."

"தலையில போட்டே. அவ மூச்சு அடங்கினதும் உட்கார்ந்து நாப்பதாயிரத்தைத் துடைச்சே. நீ லீவுல இருந்தப்ப எண் மாறினது தெரியாது; அப்பவும் தாளைப் பார்க்கலை! அந்த இடத்துல அவ எதைக் குடிவெச்சிருந்தா தெரியுமா? அதையும் தாள்லயே எழுதியிருக்கா. போனாலும் நஷ்டமில்லாத ஒண்ணை... மேனேஜரோட சீட்டாட்டத்தை!"

மேனேஜர் துள்ளினார். "அடப்பாவி! ஒம்பதரைக்கு என் ஆட்டத்தைக் கொன்னது நீயாடா?"

அவளைக் கொன்றதற்கு அவர் துள்ளவில்லை. கவனித்தீர்களா?

"தங்கச்சின்னு சொன்ன வாயை ஃபினாயில் ஊத்திக் கழுவணும்டா" என்றபடி கான்ஸ்டபிள் விலங்கை மாட்டினான். "நல்லா மனப்பாடம் பண்ணே போ. எல்லாத்தையும் ஒப்பிச்சு ஃபெயிலாயிட்டே!"

மேனேஜர் தொண்டையைச் செருமினார். "அப்போ நான் கிளம்பலாமா மேடம்?"

"இருங்க. பதினேழு தேறலைன்னு அவ உங்ககிட்ட சொன்னாளா இல்லையா?"

"நேத்து சாயந்திரம் ஏதோ சொன்னா. நான் ஆட்டத்துல இருந்தேன்..."

ஆட்டத்தில் இருந்தாராம்!

இன்ஸ்பெக்டர் தொப்பியிலிருந்த எச்சிலை அவர் சட்டையிலேயே அழுத்தித் துடைத்தாள்.

"ஏறுய்யா நீயும் வண்டியில! லாக்கப்புல ஏற்கெனவே ரெண்டு பேர் இருக்காங்க... உங்க ரெண்டு பேரையும் சேர்த்தா சீட்டாட நாலு கை ஆச்சு!"