துண்டு கட்டிய கேமரா

"ஏம்மா வானதி, கேமரா வாங்கத் தெரிஞ்ச பொண்ணுக்கு ஒரு பெல்ட் வாங்கத் தெரியாதா?"

மூஸா பாய் சிரித்துக்கொண்டே கண்ணாடிப் பெட்டியைத் திறந்தார். தஞ்சாவூரில் கேமராச் சாமான் விற்கிற கடை அவருடையது. அதிராம்பட்டினத்துக்காரர். வாய் கொஞ்சம் நீளம், மனசு அதைவிடப் பெரிசு.

வானதியின் கழுத்தில் கேமரா தொங்கியது... சிவப்புக் கட்டம் போட்ட ஒரு துண்டில்! அறுந்துபோன பழைய பெல்ட்டின் மிச்சத்தோடு சேர்த்து, இந்தப் பக்கம் ஒரு முடிச்சு, அந்தப் பக்கம் ஒரு முடிச்சு.

"நாளைக்குப் பெரிய மண்டபத்துக் கல்யாணம் பாய். துண்டோட வந்தா வாசல்லயே நிறுத்திடுவேன்னு பொண்ணோட அம்மா சொல்லிட்டாங்க."

பாய் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். அகலமானது, பஞ்சு வைத்தது, தோலில் செய்தது, மணிக்கட்டில் மாட்டுவது.

"இது கழுத்தை அறுக்கும் பாய்... இது வழுக்குது... இது கேமராவுக்கா, மாட்டுக்கா?"

எல்லாவற்றிலும் ஒரு குறை கண்டுபிடித்தாள். உண்மையான குறை அவளுக்கு மட்டும்தான் தெரியும். எந்தப் பெல்ட்டும் அந்தத் துண்டு இல்லையே!

போன ஐப்பசி... வலங்கைமானில், வானதி வீட்டு வயல் வரப்பு. அவள் தனியாக எடுத்த முதல் கல்யாணம் அது. காலையில் தாலி கட்டிய படமெல்லாம் கேமராவுக்குள் இருந்தது. மாலையில் மணமக்களை வரப்பில் நிற்க வைத்து எடுக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. "இதுல சொதப்பினா கேமராவை மூட்டை கட்டிட்டு நான் காட்டுற மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்டணும்" என்று அப்பா குணசேகரன் முன்னாலேயே சொல்லியிருந்தார். சொல்லி வைத்த மாதிரி பெல்ட் அறுந்தது. கேமரா வரப்பில் சறுக்கி வாய்க்காலை நோக்கிப் போனது...

பக்கத்து வயலிலிருந்து ஒருவன் பாய்ந்து வந்தான். சேற்றில் விழுந்து, கேமராவை நெஞ்சோடு பிடித்துவிட்டான். மருந்தடிக்கிறவர்கள் போடும் முகமூடி மூக்கையும் வாயையும் மறைத்திருந்தது. கண்கள் மட்டும் தெரிந்தன. மழை சொட்டும் இமைகளுக்குள் சிரிக்கிற கண்கள்! மழைக்கோட்டுக்குள்ளிருந்து நனையாத துண்டை உருவினான், துடைத்தான், முடிச்சுப் போட்டு அவள் கழுத்தில் மாட்டினான். அவள் வாயைத் திறப்பதற்குள் போய்விட்டான்.

விசாரித்துப் பார்த்தாள். "ட்ரோன்ல மருந்தடிக்க வாடகைக்கு வந்த ஆளும்மா, முகமூடிக்குள்ள யாருன்னு கண்டோம்?" என்றார்கள். அதற்கப்புறம் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் அவள் லென்ஸ் கூட்டத்துக்குள் கண்களைத்தான் தேடியது. இன்றைக்கும் அவள் தொழில் செய்கிறாள் என்றால் அந்தக் கண்களால்தான். ஒரு நன்றி சொல்ல வேண்டாமா?

"ஹலோ... அது என் துண்டு."

வானதி திரும்பினாள். கடை வாசலில் ஓர் இளைஞன். கையில் பெல்ட் அறுந்த ட்ரோன் ரிமோட்.

"ஏன், உங்க பேரு எழுதியிருக்கா?" சண்டைக்கு நின்றாள்.

"பேரு இல்லீங்க. மூலையில இஸ்திரிப்பெட்டி சுட்ட தழும்பு இருக்கும். சுட்டதும் நான்தான், திட்டு வாங்குனதும் நான்தான்."

தினமும் அவள் விரல் தடவுகிற தழும்பு அது.

"எங்க... மூஞ்சிய மூடுங்க!"

"என்னங்க, முதல் சந்திப்புலயே இப்படிச் சொல்றீங்க?"

"மூடுங்கன்னா..."

உள்ளங்கையால் மூக்கையும் வாயையும் மறைத்தான். ஐயோ... அதே கண்கள்!

"ஏங்க, ஒரு வருஷமா உங்களைத் தேடுறேன். நீங்க ஏன் வரல?"

அவன் கையை இறக்கினான். சிரிப்பும் கூடவே இறங்கியது.

"என் பேரு வளவன். உங்க தாத்தா வீரையன் வயல்லதான் எங்க தாத்தா வேலை பார்த்தாரு. தோள்ல கிடக்கிற துண்டை எடுத்து இடுப்புல கட்டிக்கிட்டுதான் அவர் முன்னாடி நிக்கணும். அதே வரப்புல தோள்ல துண்டு போட்டு மொதமொதல்ல நடந்தது எங்க அப்பா செல்லதுரை. இது அவரோட துண்டு. உங்களைத் தேடி வந்தா, துண்டு கேட்டு மறுபடி உங்க வாசல்ல வந்து நின்ன மாதிரி ஆயிடாதா?"

வானதிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. தாத்தாவை அவளுக்குத் தெரியும். அவர் முன்னால் நின்றவர்களை அவள் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. முடிச்சுகளை அவிழ்த்தாள்.

"இதை வச்சிக்க எனக்கு உரிமை இல்லங்க."

துண்டை நீட்டினாள். அவன் கண்கள் சட்டென்று அணைந்ததை அவள் பார்க்கவில்லை. தலையைத்தான் குனிந்துகொண்டாளே!

"சரிங்க" என்றான். வேறென்ன சொல்வான்? அவனுக்கும் ரோஷம் உண்டு.

கைக்கு வந்த பெல்ட்டைக் காசு கொடுத்து வாங்கி, மாட்டிக்கொண்டு, வெளியே வந்தாள். ஸ்கூட்டரில் சாவியைப் போடும்போது தூறல் விழுந்தது. பழக்கதோஷம்... துண்டின் முனையை இழுத்துக் கேமராவை மூடக் கை போனது. அங்கே துண்டு இல்லை. லென்ஸின் மேல் முத்து முத்தாய் மழைத்துளி.

'அடிப் பைத்தியமே... ஒரு வருஷம் தேடி, கிடைத்த நிமிஷமே திருப்பிக் கொடுத்துவிட்டாயா? இன்னும் நன்றிகூடச் சொல்லவில்லையே!'

நனைந்தபடி உள்ளே ஓடினாள். வளவன் பெல்ட் எதையும் பார்க்காமல் துண்டை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தான்.

"குடுங்க."

"என்னத்த?"

"துண்டை."

"இப்பதானே உரிமை இல்லேன்னீங்க?"

"தப்பு பண்ணிட்டேன். எங்க தாத்தா முன்னாடி இடுப்புக்கு இறங்குன துண்டு, அவர் பேத்தி தோள்ல கிடக்கட்டும். அன்னிக்கு நீங்க பிடிச்சது கேமராவை இல்லீங்க, என்னை. ரொம்ப... ரொம்ப நன்றிங்க. நீங்க எங்க வாசல்ல வந்து நிக்க வேணாம். நான் உங்க வீட்டுக்கு வர்றேன். உங்க அப்பாகிட்டயே கேட்டு வாங்கிக்கிறேன்."

"எதை... துண்டையா?"

இமைகள் தாழ்ந்தன. காது வரை சிவந்தது.

"துண்டையும்."

மழை இரைந்தது. அவன் மடித்த துண்டை மறுபடி பிரித்தான்.

"உங்க அப்பா?"

"படம் எடுக்கவும்தான் விடமாட்டேன்னாரு. எடுக்கலையா? நான் பேசிக்கிறேன்."

"நானும்தாங்க..." அவன் தடுமாறினான். "அந்த வரப்புப் பக்கம் தேவையே இல்லாம எத்தனை தடவை ட்ரோன் ஓட்டியிருப்பேன் தெரியுமா? நீங்க வருவீங்களான்னுதான்."

வானதி தன் கழுத்திலிருந்த புதுப் பெல்ட்டைக் கழற்றி அவன் ரிமோட்டின் மேல் வைத்தாள். அவன் குனிந்து கேமராவில் துண்டைக் கட்டினான். இந்தப் பக்கம் ஒரு முடிச்சு... அந்தப் பக்கம் ஒரு முடிச்சு.

"நாளைக்கு மண்டபத்து வாசல்ல நிறுத்துவாங்களே?" என்றான்.

"நிறுத்திப் பார்க்கட்டும்!"

மூஸா பாய் கண்ணாடிப் பெட்டியைப் பூட்டினார்.

"இப்போதைக்கு ரெண்டு முடிச்சு போதும் தம்பி. மூணாவது முடிச்ச ரெண்டு வீட்டு அப்பாமாரும் வந்து உக்காந்ததுக்கப்புறம் போடு!"