தலை சாய்ந்த அன்னம்

மாப்பிள்ளையின் வெள்ளைப் பட்டுச் சால்வையைக் காணவில்லை என்று தெரியவந்தபோது காலை பத்தரை. வாவிக்கரை ஹோட்டலின் மண்டபத்தில் மேளம் தொடங்கிவிட்டது. வவுணதீவு மாப்பிள்ளையோ வெறும் தோளோடு நாலாம் அறைக் கட்டிலில் உட்கார்ந்து, வருவோர் போவோரையெல்லாம் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாதுகாப்பு அலுவலர் நல்லரத்தினம் பொலிசில் சார்ஜன்டாக இருந்து இளைப்பாறியவர். இப்படியொரு வழக்குக் கிடைக்காதா என்று ஏங்கியவர் என்பதால், முகத்தைக் கவலையாக வைத்துக்கொள்ளக் கொஞ்சம் பாடுபட்டார்.

ஹோட்டல் முகாமையாளர் நௌஷாட்டின் அறையில் விசாரணை தொடங்கியது. காத்தான்குடியில் அவருக்குக் குழந்தை பிறந்து இரண்டு வாரம். வேலையாட்களில் பாதிப்பேர் காய்ச்சலில் படுத்ததால் மூன்று நாளாக அவர் வீட்டுப் பக்கமே போகவில்லை. பேசிக்கொண்டே கிண்ணத்திலிருந்து இரண்டு கரண்டி அள்ளித் தேநீரில் போட்டார். அது அவித்த முட்டைக்கு வைத்த உப்பு. நல்லரத்தினம் வாய் திறப்பதற்குள் பாதியைக் குடித்தும் விட்டார். முகம் சுளிக்கவில்லை.

"எடுத்தது ஆரா இருந்தாலும் பன்னிரண்டு மணிக்குப் பிறகு இந்த வளவுக்குள்ள நிக்கக்கூடாது," என்றார். "சால்வை கிடைக்கும்வரைக்கும் ஒருத்தரும் வெளிய போகவும் ஏலாது."

இரண்டாவது உத்தரவு யசோதினியின் தலையில்தான் விழுந்தது. அறைகளைச் சுத்தம் செய்யும் அவள்தான் சால்வையைக் கடைசியாக வைத்திருந்தவள். பெரியகல்லாற்றுப் பள்ளியில் இரண்டு மணிக்கு அவள் மகளுக்கு நடனம். போன வருடத்து நடனத்தை ஹோட்டல் விழுங்கிவிட்டது. இந்த முறை அரைநாள் லீவை முன்கூட்டியே கேட்டு வாங்கியிருந்தாள்.

"விடியவே ஸ்திரிப்பெட்டியால மினுக்கி, மடிச்சு, தள்ளுவண்டியில குளியலறைத் துவாய்களுக்கு மேல வச்சன் ஐயா. ஒன்பதாம் அறை வாசல்ல வண்டிய விட்டிட்டுத் தண்ணிப் போத்தல் எடுக்கப் போனன். வந்து பாத்தா இல்ல. ஆரோ மாப்பிள்ளைக்குக் கொண்டுபோய்க் குடுத்திட்டாங்க எண்டு நினைச்சன்."

"கேட்டிருக்கலாமே பிள்ள?"

"மூணு நாளா பகலும் ராவுமா இரட்டை முறை வேலை செய்றன். கேக்கணும் எண்டு நினைச்சதையே மறந்திட்டன்."

சலவைக்கூடம், வேலையாட்களின் அலுமாரிகள், நாதஸ்வரக்காரரின் உறை வரை தேடினார்கள். ஒன்றுமில்லை. மணமக்களுக்கென்று அலங்கரித்த ஒன்பதாம் அறைதான் மிச்சம்.

"இதுக்குள்ள ஒருத்தரும் வரல்ல ஐயா," என்றார் நௌஷாட். ஆள் இல்லாததால் விடியற்காலையில் அந்த அறையைத் தானே ஒழுங்குபடுத்தியதாகவும், கட்டிலில் துவாயால் மடித்த அன்னங்கள் கட்டார் ஹோட்டலில் பழகிய கைவேலை என்றும் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

கட்டிலில் ரோசா இதழ்களின் நடுவே இரண்டு வெள்ளை அன்னங்கள். ஒன்று கழுத்தை நிமிர்த்தி நின்றது. மற்றது தலையைப் பூவில் சாய்த்துக் கிடந்தது.

"அதுவும் இரட்டை முறைபோல," என்று யசோதினி முணுமுணுத்தாள்.

நல்லரத்தினம் கையை நீட்டினார்.

"தொடாதீங்க ஐயா, பூ கலையும்," என்று நௌஷாட் தடுத்தார்.

நல்லரத்தினம் கையை எடுத்துக்கொண்டார். ஆனால் கண்ணை எடுக்கவில்லை. பிறகு நிதானமாகத் திரும்பி, மாப்பிள்ளையைக் கூட்டிவரச் சொன்னார்.

"துவாய் தடிப்பு. கழுத்தைச் சுருட்டி நிறுத்தினா பின்னேரம்வரைக்கும் நிக்கும். இதுக்கு மட்டும் ஏன் கழுத்துச் செத்துப்போச்சு?" என்று கேட்டவாறு சாய்ந்த அன்னத்தின் வாலைப் பிடித்து உதறினார். உள்ளே மடிந்திருந்த சரிகைக்கரை பளிச்சென்று விழுந்தது. மாப்பிள்ளை சால்வையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

நௌஷாட் பூவின்மேலேயே உட்கார்ந்துவிட்டார். "வண்டியில மேல கிடந்ததை எடுத்தன்... எல்லாம் துவாய் எண்டுதான் மடிச்சன்."

"காலையில உப்புத் தேத்தண்ணி குடிச்சீங்களே சேர். நாக்குக்கு உப்புத் தெரியல்ல எண்டா, கைக்குப் பட்டுத் தெரியுமா?"

"உப்பா?"

"ரெண்டு கரண்டி. இனி, எடுத்த ஆள் பன்னிரண்டு மணிக்குப் பிறகு வளவுக்குள்ள நிக்கக்கூடாது எண்டது உங்கட உத்தரவு. ஓட்டோ வாசல்ல நிக்கு. முதல்ல காத்தான்குடி, பிறகு பெரியகல்லாறு."

யசோதினி சால்வையை வாங்கி ஓடிப்போய் மறுபடி மினுக்கிக் கொடுத்துவிட்டு, ஓட்டோவில் நௌஷாட்டின் பக்கத்தில் ஏறினாள். மாப்பிள்ளை மணவறைக்குப் போனார்.

கொஞ்ச நேரத்தில் நல்லரத்தினத்தின் கைப்பேசி அடித்தது. யசோதினிதான்.

"ஐயா, நௌஷாட் சேர்ட வீட்டு வாசலுக்கு வந்திட்டம். ஆள் நல்ல நித்திரை, எழும்புறார் இல்ல. எனக்கு நேரம் போகுது."

"தேத்தண்ணிக்கு உப்பா சீனியா எண்டு காதுக்குள்ள கேள் பிள்ள. எழும்புவார்."

எழும்பினார்.