நாளுக்கு ஒன்று

ஜெசிந்தா நாற்காலியில் உட்கார்ந்ததும் திரை முதலில் அவள் கண்களைச் சரிபார்த்தது. சிவந்திருந்தால் மருந்து விட்டுக்கொண்டு வரச் சொல்லும். இன்று ஒன்றும் சொல்லவில்லை. கடல் விரிந்தது. வேதாரண்யத்துக்குக் கிழக்கே, முன்பு ஊர்களாக இருந்து இப்போது தண்ணீராகிவிட்ட பகுதி. அதைத் திருநெல்வேலியில் ஒரு ஏசி அறைக்குள் உட்கார்ந்து ஒன்பது வருடமாகப் பார்த்து வருகிறாள். அங்கே நேரில் போனதில்லை. கடல் என்றாலே கொட்டாவி வருகிற அளவுக்கு ஆகிவிட்டது.

சற்று நேரத்தில் அலைகளுக்கு நடுவே ஒரு கை தெரிந்தது. அப்புறம் தலை. வாய் திறந்து மூடியது. அவள் சிவப்புப் பொத்தானை அமுக்கினாள். காட்சி அங்கேயே வெட்டுப்பட்டு, "நன்றி" என்று ஒரு சொல் வந்துபோய், வேறொரு இடத்துக் கடல் வந்தது. வேலை இவ்வளவுதான்.

அமுக்கினால் அந்த இடத்துக்கு மீட்புப் படகு போகும் என்பதால் வெளியே இதை உயிர்காக்கும் உத்தியோகம் என்பார்கள். கல்யாண வீட்டில் கடற்கண் மையத்தில் வேலை என்று சொன்னால் எழுந்து இடம் கொடுப்பார்கள். உள்ளே இருப்பவர்களுக்குத் தெரிந்த கதை வேறு. திரையில் தத்தளிப்பவர்களில் பெரும்பாலோர் போலியர். கணினி வரைந்து கடலில் போட்டவர்கள். வெறும் தண்ணீரையே பார்த்தால் மனிதக் கண் தூங்கிவிடுமாம். அதற்காக இந்த ஏற்பாடு. இயந்திரமே பார்த்துப் படகை அனுப்பலாமே என்று கேட்கலாம். ஓர் உயிரைக் கைவிடும் முடிவை மனிதன்தான் எடுக்க வேண்டும் என்பது சட்டம்.

தொடக்க காலத்தில் எது போலி, எது நிஜம் என்று திரை பிறகு சொல்லிவிடும். போலி, போலி என்றே வந்ததில் திரை பார்ப்பவர்கள் மெத்தனமானார்கள். நிஜம் என்று வந்தவற்றில், படகு போவதற்குள் முடிந்துவிட்ட சிலவற்றைத் தெரிந்துகொண்டவர்கள் வேலைக்கே வராமல் நின்றுவிட்டார்கள். ஆகவே எதையுமே சொல்வதில்லை என்று மேலிடம் முடிவு செய்தது. எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு நன்றி. மேலிடத்து மூளை அப்படித்தான் வேலை செய்யும்.

இதனால் வருகிற நோய்க்குக் கண்சலிவு என்று பெயர் வைத்து, மருந்தாக ஒரு புத்துணர்வு அறையும் கட்டினார்கள். மல்லிகை வாசனை அடிக்கும்; யாரோ சிரிப்பதைப் பதிவு செய்து ஓடவிடுவார்கள். ஜெசிந்தா அங்கே போனபோதெல்லாம் தலைவலியோடு திரும்பினாள்.

தேநீர் வேளையில், பக்கத்து நாற்காலிக்காரர் தொம்மையிடம் சொல்லிவிட்டாள். மையத்தில் அவர்தான் மூத்தவர்.

"வேலைய விடப்போறேன் அண்ணாச்சி. நாளைக்கு லீவு. மறுநா வந்து சொல்லிருவேன்."

"எதுக்கு தாயீ? சம்பளம் கசக்குதா?"

"ஒம்பது வருசமா அமுக்குதேன். ஒரு உசுராவது பொழச்சிச்சா, இல்ல பொம்மையப் பாத்துதான் அமுக்கிட்டுக் கெடக்கேனா? தெரியாம இருக்க முடியல."

தொம்மை சிரித்தார். "எனக்கும் அப்பிடித்தாம் இருந்துச்சு. ஒரு வழி கண்டுபிடிச்சேன். யார்ட்டயும் சொல்லீராத. நாளுக்கு ஒண்ண விட்டுருவேன்."

"என்னத்த?"

"அமுக்காம விட்டுருவேன். இன்னைக்கு எத விடலாம், எத விடலாம்னு காலைல இருந்தே பாத்துக்கிட்டிருப்பேன். பொழுது போறதே தெரியாது. நூத்துக்குத் தொண்ணூறு அமுக்குனா போதும்லா? ஒருத்தனும் கேக்க மாட்டான்."

ஜெசிந்தா தேநீரைக் கீழே வைத்தாள். "அது நெசமான ஆளா இருந்தா?"

"நெசமான ஆளு எங்க இருந்து வருவான்? ஆளில்லாத ஊரு அது. படகே கெடையாதுன்னு பேசிக்கிடுதாங்க. எல்லாம் பொம்மதான். நீ மனசப் போட்டு ஒழப்பிக்காத."

தொம்மை கெட்டவர் அல்ல. ஜெசிந்தாவின் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கேட்காமலே வந்து ரத்தம் கொடுத்துவிட்டுப் போனவர். அவர் வாயிலிருந்து இது வந்ததுதான் அவளை உலுக்கியது. இதைவிடக் கேவலம், அந்த யோசனை அவளுக்கும் ஒரு கணம் இனித்தது. இதற்கு மேல் தெரியாமல் இருக்கக்கூடாது என்று அப்போதுதான் முடிவு செய்தாள்.

மறுநாள் விரைவு ரயிலில் வேதாரண்யம் போனாள். ஊர் முடிகிற இடத்தில் கம்பிவேலி. உள்ளே போனால் தண்டனை என்று பலகை. அப்படியும் மூழ்கிய வீடுகளில் பொருள் தேடித் திருட்டுத்தனமாக வருகிறவர்கள் உண்டு என்பதற்கு வேலியில் ஓர் ஓட்டை இருந்தது. ஆனால் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒருவரும் தென்படவில்லை. அவள் ஓட்டை வழியே நுழைந்து, தண்ணீரில் இறங்கி நீந்தினாள். தாமிரபரணியில் பழகிய நீச்சல், பயமில்லை. அவள் விடுப்பில் இருந்தால் அவள் பகுதிக் கடல் தொம்மையின் திரைக்குப் போகும். அதுவும் தெரிந்துதான் வந்தாள். நாளெல்லாம் வருகிறவர்களில் ஒரே ஒன்றைத்தானே விடுகிறார்.

மேலே, திரைகளுக்குப் படம் அனுப்பும் கடற்கண் ஒன்று பறந்து வந்து நின்றது. போலியர் செய்வதுபோலவே கையைத் தூக்கினாள், வாயைத் திறந்து மூடினாள். தனக்கே சிரிப்பு வந்தது. படகு வரவில்லை. மறுபடியும் தூக்கினாள். வரவில்லை. போதும், திரும்பலாம் என்று பார்த்தால், மூழ்கிய தெருக்களுக்கு நடுவே ஓடுகிற நீரோட்டம் அவளை வெகுதூரம் இழுத்துவிட்டிருந்தது. கால் சோர்ந்தது. உப்புத்தண்ணீர் வாய்க்குள் போனது. அதற்குப் பிறகு அவள் நடிக்கவில்லை. இன்றைக்கு விடுகிற ஒன்று நான்தானோ என்ற நினைப்பு வந்தது. கடற்கண்ணைப் பார்த்து, "அண்ணாச்சி! அண்ணாச்சி!" என்று கத்தினாள்.

படகு வந்தது. அதில் ஆள் இல்லை. இரண்டு இயந்திரக் கைகள் அவளை வாரிப்போட்டு வாரால் கட்டின. "பயப்படாதீர்கள். ஒரு மனிதர் உங்களைப் பார்த்துவிட்டார்" என்றது ஒரு குரல். ஜெசிந்தா ஓவென்று அழுதாள். உயிர் பிழைத்ததற்கு மட்டுமான அழுகை அல்ல. ஒன்பது வருடம் வீணில்லை. யார் யாரோ இதே வாரில் கட்டப்பட்டு, இதே குரலைக் கேட்டிருப்பார்கள், அவள் விரலால். அவ்வளவு சந்தோஷத்தை அவள் அதுவரை அறிந்ததில்லை. வேலையை விடுகிற எண்ணம் அந்தப் படகிலேயே போய்விட்டது.

படகு பேர்கூடக் கேட்காமல் அவளைக் கரையில் இறக்கிவிட்டுப் போனது. திரும்பும் ரயிலில்தான் அடுத்தது உறைத்தது. படகு நிஜம் என்றால், தொம்மை விட்டவர்கள்? சொல்லாவிட்டால் நாளைக்கும் ஒன்றை விடுவார். சொன்னால் மனிதர் தாங்குவாரா? தன்னைக் காப்பாற்றியவரே அவர்தான். திருநெல்வேலி வந்து சேரும்வரை அவளுக்கு ஒரு முடிவும் கிடைக்கவில்லை.

காலையில் அவளைக் கண்டதும் தொம்மை விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஏ ஜெசி, நேத்து ஒம் மூஞ்சியப் போட்டுட்டானுவ! கன்னத்து மச்சம் வரைக்கும் அச்சு அசல். எல்லாரையும் கூப்ட்டுக் காட்டுனேன், ஒரே சிரிப்பு. இன்னைக்கு இதத்தாம் விடணும்னு கூட நெனச்சேன். அப்புறம் மனசு கேக்கல. பொம்மன்னாலும் ஒம் மூஞ்சில்லா? அமுக்கிட்டேன்."

வேலை தொடங்கும் மணி அடிக்கப்போகிறது. அவர் உட்கார்ந்துவிட்டால் இன்றைய ஒன்றைத் தேட ஆரம்பித்துவிடுவார்.

"அது பொம்ம இல்ல அண்ணாச்சி. நாந்தான்" என்றாள். சட்டைக்கையைச் சுருட்டி, வார் அழுத்திய தடத்தைக் காட்டினாள்.

"வெளையாடாத" என்றார். தடத்தைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு மெல்லக் கழன்றது.

"நெசமாத்தான் சொல்லுதேன். படகு வந்துச்சு. நீங்கதான் என்னையக் காப்பாத்துனீங்க."

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. தன் திரையைத் திரும்பிப் பார்த்தார்.

"ஒனக்குப் பதிலா, ஒனக்கு அடுத்தாப்ல வந்த ஆள விட்டுட்டேன் ஜெசி. பச்சச் சட்ட போட்டிருந்தான்."

அந்தப் பச்சைச் சட்டைக்காரன் போலியா, நிஜமா என்று அவர்களுக்குச் சொல்ல யாரும் இல்லை. அவள் கடலில் இறங்காமல் இருந்திருந்தால் அவர் வேறு யாரை விட்டிருப்பார் என்பதும் தெரியாது. ஜெசிந்தா அவர் தோளைத் தொடப் போனாள். அதற்குள் மணி அடித்துவிட்டது. இருவரும் போய் உட்கார்ந்தார்கள். அன்று முழுக்கத் தொம்மை தேநீருக்கு எழவில்லை. கண்சலிவுக்கு மேலிடம் தேடிக்கொண்டிருக்கிற மருந்தை இந்த இருவரிடம் அப்போது கேட்டிருந்தால் கிடைத்திருக்கும்.

மாலையில் அடுத்த வேளைக்காரர்கள் வந்து நாற்காலிகளுக்குப் பின்னால் நின்றார்கள். திரையில் ஆள் யாரும் இல்லை, வெறும் தண்ணீர். தொம்மை அதன்மேலும் அமுக்கிக்கொண்டிருந்தார்.

"எந்திரிங்க அண்ணாச்சி, வீட்டுக்குப் போவோம்" என்று ஜெசிந்தா கையைப் பிடித்து இழுத்தாள்.

"நீ போ தாயீ. இன்னுங் கொஞ்சம் பாத்துட்டு வாரேன்."

அவள் வாசல் வரைக்கும் போனாள். பிறகு திரும்பி வந்து, தன் நாற்காலியில் புதிதாக உட்கார்ந்திருந்தவரைக் கொஞ்சம் எழுந்திருக்கச் சொன்னாள்.