நானூற்றுப் பதினேழாம் நம்பர் மீன்

“வெட்டாதீங்க மாமா!”

கத்தி இறங்கத் தொடங்கிவிட்டது. வாலுவின் கையில் இருந்தது கணக்கு நோட்டு ஒன்றுதான். தூக்கி வெட்டுப் பலகைமேல் வீசினாள்.

சதக்!

கத்தி பின்னங்களைத் தாண்டி, தசமங்களைத் தாண்டி, நோட்டின் நடுப்பக்கத்தில் போய் நின்றது. அதற்குக் கீழே சிவப்புப் பாறைமீன் ஒரு கீறல்கூட இல்லாமல் படுத்திருந்தது.

மீன்கடைக்காரரின் பெரிய மீசை துடித்தது. “அறிவிருக்கா வாலு? உன் விரல் போயிருந்தா?”

“அதான் விரலை வைக்கல. நோட்டை வெச்சேன்.”

“கணக்கு வரலைன்னா டீச்சர்கிட்ட சொல்லணும். என்கிட்ட வெட்டக் கொடுக்கக் கூடாது!”

பக்கத்தில் நின்ற டெய்லர் அக்கா சிரித்துவிட்டார். கழுத்தில் தொங்கிய இஞ்சு டேப்பைக்கூட எடுக்காமல், கடையிலிருந்து அப்படியே வந்திருந்தார். “சிரிப்பெல்லாம் சரி. அது நான் வாங்கின மீன். சீக்கிரம் வெட்டுங்க, தைக்கிற வேலை தலைக்கு மேல கிடக்கு.”

“அக்கா, ஒரே நிமிஷம். அதோட முதுகைப் பாருங்க!”

முதுகுத் துடுப்பின் ஓரத்தில் ஒரு மஞ்சள் நூல் நீட்டிக்கொண்டிருந்தது. விரல் நீளம். பிளாஸ்டிக். அதில் பொடிப் பொடியாக எண்கள்.

வாலு குனிந்தாள். 0417.

 மறு நொடியே கடைக்காரரின் அகலமான உள்ளங்கை அந்த நூலை மூடியது.

“நூலா? எந்த நூலு? ஏதோ பாசி ஒட்டியிருக்கும்.”

“பாசியில நம்பர் இருக்குமா மாமா?”

 எப்போதும் கடைக்காரரின் குரல் தெருமுனை வரை கேட்கும். இப்போது அவர் மூச்சு மட்டும்தான் கேட்டது.

*

வாலுவின் அம்மா கடல் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை செய்கிறார். மீனைப் பிடிப்பார். அளப்பார். முதுகில் ஒரு மஞ்சள் நூலைக் குத்துவார். பிறகு திரும்பக் கடலிலேயே விட்டுவிடுவார்.

“அப்புறம் எதுக்குப் பிடிக்கணும்?” என்று வாலு ஒருமுறை கேட்டிருக்கிறாள்.

“கடல் வருஷா வருஷம் சூடாகுது. சில மீனுங்க குளிர்ந்த தண்ணியைத் தேடி வீடு மாத்துதுன்னு எனக்குத் தோணுது. ஆனா மீன் விலாசம் சொல்லிட்டா போகும்? அதான் நம்பர் கொடுத்து அனுப்புறேன். யாராவது பிடிச்சா, எங்கே பிடிச்சீங்கன்னு கேட்டுக்கலாம்.”

இரண்டு வருடம். மூன்று இடங்களில் அறுநூற்று நாற்பது மீன்கள். அதில் ஓர் இடத்துக்குப் போகவே கப்பலில் மூன்று நாள் ஆனது. மூன்று நாளும் வாந்தி எடுத்துக்கொண்டே போய், நூல் குத்திவிட்டு வந்தார் அம்மா.

திரும்பி வந்த நூல்கள்? ஒன்றுகூட இல்லை.

“பாறைமீன் பொறந்த பாறையை விட்டு நகராதும்மா. சரியான வீட்டுப் பூச்சி. நூல் எல்லாம் கழண்டு விழுந்திருக்கும்,” என்று நிலையத் தலைவர் சொல்லிவிட்டார். இன்று பன்னிரண்டு மணிக்கு ஆய்வை மூடும் தாளில் கையெழுத்துப் போடப்போகிறார். காலையில் அம்மா சுட்ட தோசையைச் சாப்பிடாமலே வைத்துவிட்டு, அட்டைப்பெட்டிகளைக் கட்டப் போய்விட்டார்.

இப்போது மணி பத்தே முக்கால்.

*

“மாமா, கையை எடுங்க. ப்ளீஸ்.”

“இந்த நூலை நான் பார்க்கல. நீயும் பார்க்கல,” என்றார் கடைக்காரர் தாழ்ந்த குரலில்.

“நான் பார்த்தேனே,” என்றார் டெய்லர் அக்கா.

“நீங்க சும்மா இருங்கம்மா!”

அவர் கண் ஒரு கணம் பின்னால் போய் வந்தது. வாலுவும் அங்கே பார்த்தாள். சுவரில் ஓர் அறிவிப்பு. நிலையத்தின் முத்திரை போட்டது. இரண்டு வருடமாக அங்கேதான் இருக்கிறது. அவள் ஒருநாளும் படித்ததில்லை. இன்று படித்தாள்.

‘மஞ்சள் நூல் உள்ள மீனை வைத்திருப்போர், நூலுடன் உடனடியாக அலுவலகத்தில் ஆஜராக வேண்டும். தவறினால் விசாரிக்கப்படுவர்.’

வாலுவுக்குச் சட்டென்று எல்லாம் விளங்கியது.

“மாமா, பயமா இருக்கா?”

“பயமா? எனக்கா? இந்த மீசையைப் பார்த்தா பயப்படுற ஆள் மாதிரியா தெரியுது?”

“மீசைக்குப் பயமில்ல. உங்களுக்கு?”

கடைக்காரர் அக்கம் பக்கம் பார்த்தார். பிறகு முனகினார். “படகு என் மச்சானோடது. அரசாங்க மீனைப் பிடிச்சிட்டான்னு லைசென்ஸைப் பிடுங்கிட்டா, அவன் குடும்பத்துக்கு நான் என்ன பதில் சொல்றது?”

“அரசாங்க மீனெல்லாம் கிடையாது மாமா. கடல் மீன்தான். எங்கம்மாதான் அந்த நூலைக் குத்தினாங்க. அவங்களுக்கு மீன் வேண்டாம். நூலு வேணும். அது எங்கே, எப்போ கிடைச்சதுன்னு தெரியணும். அவ்வளவுதான்.”

“அப்போ எதுக்கு ஆஜராகச் சொல்றாங்க?”

வாலு சுவர் அறிவிப்பை இன்னொரு முறை பார்த்தாள். நோட்டின் பின்பக்கத்தைக் கிழித்தாள். டெய்லர் அக்காவிடம் துணியில் கோடு போடும் நீலச் சாக்கட்டியைக் கேட்டு வாங்கினாள். பெரிய பெரிய எழுத்தில் எழுதினாள்.

‘மஞ்சள் நூல் மீன் கிடைச்சுதா? ரொம்ப சந்தோஷம்! மீனை நீங்களே சாப்பிடுங்க. நூலை மட்டும் கொடுங்க. எங்கே, எப்போ பிடிச்சீங்க? உங்க பேர் வேண்டாம். யாரும் திட்ட மாட்டாங்க. நன்றி.’

அதைப் பழைய அறிவிப்பின் மேலேயே ஒட்டினாள்.

கடைக்காரர் இரண்டு முறை படித்தார். “மீனை நாங்களே சாப்பிடலாமா?”

“தாராளமா.”

“பேரு வேண்டாமா?”

“வேண்டவே வேண்டாம்.”

அவர் மீனிலிருந்து கையை எடுத்தார். பிறகு பலகைக்குக் கீழே குனிந்து, ஒரு பழைய பிஸ்கட் டப்பாவை எடுத்துத் திறந்தார்.



உள்ளே மஞ்சள் நூல்கள். முப்பது! ஒவ்வொன்றும் ஒரு துண்டுத் தாளில் சுற்றியிருந்தது. ஒவ்வொரு தாளிலும் தேதி, இடம், கடலின் ஆழம்.

“இதெல்லாம் யார் எழுதினது?”

“மச்சான்தான். மீன் கிடைச்ச இடத்தை எழுதி வைக்கலைன்னா அவனுக்குத் தூக்கமே வராது. தூக்கிப் போடுடான்னேன். ‘நம்பர் போட்டிருக்கு மாமா, யாரோ தேடுவாங்க’ன்னு சொல்லி வெச்சுக்கிட்டான்.” கடைக்காரர் பலகையில் கிடந்த மீனைக் காட்டினார். “இந்த மீனு நேத்து சாயங்காலம், கலங்கரை விளக்கத்துக்குப் பின்னாடி கிடைச்சது. எழுதிக்கோ.”

டெய்லர் அக்கா அதற்குள் இஞ்சு டேப்பைக் கழற்றி மீனின் மூக்கில் வைத்திருந்தார். “அளவு வேணும்தானே? பதினாறரை இஞ்சு. இடுப்பு பதினொண்ணு. கழுத்தே இல்ல.”

“அக்கா, உங்க வேலை…?”

“இனிமே போய் எனக்குத் தையல் ஓடுமா? என் மீன் எந்த ஊருன்னு தெரிய வேண்டாமா? ஏறு வண்டியில!”

*

ஸ்கூட்டர் நிலையத்து வாசலில் நின்றபோது மணி பதினொன்றே முக்கால். அம்மா கண்ணாடி ஜாடிகளைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தார். எதிரே தலைவர், கையில் பேனாவோடு.

 வாலு டப்பாவை மேஜைமேல் கவிழ்த்தாள்.

அம்மா ஒரு நூலை எடுத்தார். இன்னொன்றை எடுத்தார். எண்ணை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். 

“எங்கேயிருந்து…?”

“மீன்கடையில இருந்தும்மா. அவங்க கொடுக்காததுக்குக் காரணம் சுவர்ல ஒட்டியிருந்த அறிவிப்பு. ‘ஆஜராக வேண்டும், விசாரிக்கப்படுவர்’னு இருக்கு. படிச்சா எனக்கே ஓடிப் போகணும் போல இருந்துச்சு. யாரும்மா அப்படி எழுதினது?”

 தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஏற்கெனவே அது பளபளவென்றுதான் இருந்தது.

“கொஞ்சம் கண்டிப்பா எழுதினா சீக்கிரம் வருவாங்கன்னு நெனச்சேன்,” என்றார்.

அம்மா பெரிய பதிவேட்டைப் பிரித்தார். எந்த எண், எங்கே விட்டது என்று அதில்தான் இருக்கிறது. வாலு எண்களை வாசித்தாள். அம்மா தேடித் தேடிக் குறித்தார்.

“என்னம்மா தெரியுது?” என்றாள் வாலு.

“முழுசா பார்க்காம வாயைத் திறக்க மாட்டேன்.”

முப்பதும் முடிந்த பிறகுதான் நிமிர்ந்தார். “இருபத்திரண்டு மீன் இங்கேயே விட்டது. வீட்டை விட்டு நகரல.”

“நான்தான் சொன்னேனே!” என்றார் தலைவர்.

“மிச்சம் எட்டு? நடுத்தீவுல விட்டது. முந்நூறு கிலோமீட்டர் வந்திருக்கு. ஒண்ணு வந்தா வழி தவறின விருந்தாளின்னு சொல்லலாம் சார். எட்டு வந்தா, குடியேற வந்திருக்காங்கன்னுதான் அர்த்தம்.”

தலைவர் மேஜையருகே வந்து, அந்த எட்டுத் தாள்களையும் ஒவ்வொன்றாகப் படித்தார். படகுக்காரர் எழுதிய ஆழத்தை விரலால் தடவிப் பார்த்தார். “எவ்வளவு சுத்தமா எழுதியிருக்கார்!” என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். கையெழுத்துக்காக வைத்திருந்த தாளின் மறுபக்கத்தைத் திருப்பி வாலுவிடம் நீட்டினார். “அந்தப் புது அறிவிப்பை இதுல எழுதிக் கொடும்மா. எல்லா மீன்கடையிலயும் ஒட்டலாம்.”

“அதெல்லாம் சரிங்க,” என்று டெய்லர் அக்கா மீன் பையை மேஜைமேல் வைத்தார். “என் மீன் என்னாச்சு? நானூத்திப் பதினேழு.”

அம்மா பக்கங்களைத் திருப்பினார். விரல் ஒரு வரியில் நின்றது. மறுபடி முதலிலிருந்து பார்த்தார். பையைத் திறந்து நூலில் இருந்த எண்ணை ஒருமுறை பார்த்தார். 

“அக்கா, உங்க டேப்பைக் கொஞ்சம் தர்றீங்களா?”

ஜன்னலுக்கு இரு பக்கமும் அடுத்த சுவர்வரை ஒட்டியிருந்த கடல் வரைபடத்தில், டேப்பின் ஒரு முனையைக் கலங்கரை விளக்கத்தில் வைத்து வாலுவைப் பிடிக்கச் சொன்னார். மறுமுனையை இழுத்துக்கொண்டே நடந்தார். நடுத்தீவைத் தாண்டினார். ஜன்னலைத் தாண்டினார். அடுத்த சுவர் வரைக்கும் போய், ஒரு சிறிய வளைகுடாவில் விரலை வைத்தார்.

“இங்கே விட்டப்போ என் உள்ளங்கை அளவுதான் இருந்துச்சு,” என்றார் அம்மா. “நான் மூணு நாள் கப்பல்ல வாந்தி எடுத்துக்கிட்டே போன தூரத்தை, இது தனியா நீந்தி வந்திருக்கு.”