குவளையில் மிஞ்சிய தேநீர்

அந்த வீட்டில் எதையும் யாரும் நன்றாக இல்லை என்று சொல்வதில்லை. ஒரு முறை சர்க்கரைக்குப் பதிலாக உப்பு விழுந்த பாலை அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு, "வித்தியாசமா இருக்கு" என்றார். குடும்ப வரலாற்றில் அதுவே மிகக் கடுமையான விமர்சனம்.

ஆகவே, அத்தையின் தேநீர் கரித்துண்டைப் போலக் கசக்கிறது என்பது அத்தையைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அத்தை இருபது ஆண்டுகள் காப்பிக்கொட்டை வறுக்கும் கடையில் வேலை பார்த்தவர். அந்தக் கடை மூடப்பட்டதும், ஜப்பானியர் குடிக்கும் ஹோஜிச்சாவைப் பழகத் தொடங்கினார். பச்சைத் தேயிலையை வறுத்து, வெந்நீரில் ஊறவைத்து வடிகட்டும் தேநீர் அது. தெருமுனைத் தேநீர்க் கடைக்காரர் ஞாயிறு மாலை நான்கு மணிக்கு வந்து சுவைத்துப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். அவருக்குப் பிடித்துவிட்டால், கடைக்கு வறுத்துக் கொடுக்கும் வேலை அத்தைக்கு.

"வறுக்கிறது எனக்கென்ன புதுசா?" என்று அத்தை சொல்லிக்கொண்டிருந்தார். புதிதில்லைதான். ஆனால் தடித்த கொட்டையை வறுத்துப் பழகிய கை, மெல்லிய இலையையும் அதே கறுப்புக்குக் கொண்டுபோயிற்று.

அத்தையின் அண்ணன் மகளுக்கு வயது பத்து. கண்ணில் பட்டதையெல்லாம் அளந்து பார்ப்பவள் என்பதால் வீட்டில் அவள் பெயர் ஸ்கேல். தம்பியின் மூக்கு நீளம்கூட அவளுடைய நோட்டில் இருந்தது.

ஞாயிறு காலை அவள் யோசித்தாள். உண்மையைச் சொன்னால் அத்தையின் முகம் வாடும். சொல்லாவிட்டால் நான்கு மணிக்குக் கடைக்காரர் முன்னால் வாடும். இரண்டில் எது பரவாயில்லை என்று அளக்க அவளிடம் கருவி இல்லை.

கடைசியில் அத்தையிடம் போய், ஒரு நிமிடம், மூன்று நிமிடம், ஏழு நிமிடம் என மூன்று விதமாக வறுத்துத் தர முடியுமா என்று கேட்டாள். ஏழு நிமிடம்தான் அத்தையின் வழக்கம்.

"போட்டியா?" என்றார் அத்தை. "வச்சுக்கோ. ஏழுதான் ஜெயிக்கும்."

முதல் வறுவல் பச்சை மாறாமல் வெளியே வந்தது. இரண்டாவது, காய்ந்த சருகின் நிறம். மூன்றாவதற்குச் சமையலறை ஜன்னலைத் திறக்க வேண்டியிருந்தது.

ஸ்கேல் குவளைகளின் அடியில் எண் எழுதி ஒட்டி, எல்லாவற்றிலும் ஒரே அளவாக ஊற்றினாள். அப்பா, அம்மா, தம்பி, மாடியில் குடியிருக்கும் தையற்காரர் ஆகிய நால்வருக்கும் ஆளுக்கு மூன்று குவளை. பிடித்த அளவு குடித்தால் போதும், கருத்துச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள்.

அப்படியும் சொன்னார்கள். அப்பா மூன்றையும் பாராட்டினார். அம்மாவும் அப்படியே. தையற்காரர் ஏழு நிமிடக் குவளையை இரண்டு முறை புகழ்ந்துவிட்டு, அவசரமாகத் தண்ணீர் கேட்டார்.

எல்லோரும் கலைந்த பிறகு ஸ்கேல் தன் அளவுகோலைக் கழுவித் துடைத்து, ஒவ்வொரு குவளையிலும் மிஞ்சியதை அளந்தாள். பிறகு எண் வாரியாக வரிசைப்படுத்தி, கழுவ உதவி வேண்டும் என்று அத்தையை அழைத்தாள்.

ஒரு நிமிடக் குவளைகளில் பாதி மிஞ்சியிருந்தது. மூன்று நிமிடக் குவளைகள் காலி. ஏழு நிமிடக் குவளைகள் நான்கும் ஒரு வாய்க்கு மேல் குறையாமல் ஆறிக் கிடந்தன.

அத்தை வரிசையை இரண்டு முறை பார்த்தார். நிறைந்திருந்த ஒரு குவளையைத் தூக்கி, அடியில் இருந்த எண்ணைப் படித்தார். அதையே ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டுத் தொட்டியில் கொட்டினார்.

"இத்தனை நாளா ஒருத்தர் வாயத் திறக்கலையேடி."

"உங்க மனசு கஷ்டப்படும்னுதான் அத்தை."

"அப்ப இந்தக் காலிக் குவளை?"

"அதுவும் நீங்க வறுத்ததுதானே."

அத்தை வாணலியைத் துடைத்து அடுப்பில் வைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அன்று பகல் முழுவதும் மூன்று நிமிடத்துக்கு முன்னும் பின்னும் கால் நிமிடம் கூட்டியும் குறைத்தும் வறுத்தார்கள். மூன்றேகால் நிமிடத்தில் வந்த மணத்துக்கு, யாரும் கூப்பிடாமலேயே தையற்காரர் கீழே இறங்கி வந்தார்.

கடைக்காரர் நான்கு மணிக்கு வந்தார். சொற்களைச் சிக்கனமாகச் செலவழிப்பவர். முதல் வாய் குடித்ததும் "ம்" என்றார். இரண்டாவது வாய்க்கு அதுவும் இல்லை. ஜன்னலைப் பார்த்தபடி குடித்துக்கொண்டே இருந்தார். அத்தை சேலைத் தலைப்பை முறுக்கினார், பிரித்தார், மறுபடி முறுக்கினார்.

பொறுக்க முடியாமல், "வேற போட்டுத் தரட்டுமா?" என்று குவளையை எடுக்கக் கை நீட்டினார்.

கடைக்காரர் குவளையின் மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டார்.

"இருங்கம்மா. இன்னும் ரெண்டு வாய் இருக்கு. முடிச்சிட்டு, எந்தெந்தக் கிழமை வறுத்துத் தருவீங்கன்னு பேசலாம்."

அவர் கையை எடுத்ததும் ஸ்கேல் எட்டிப் பார்த்தாள். மிஞ்சியிருந்தது அரை சென்டிமீட்டர்கூட இல்லை.