ஏரோதின் சபையில் ஒரு பன்னீர்ச்செம்பு

டிசம்பர் 22, 1968. மாலை ஏழு மணி.

வேஷம் கட்டும் அறை மேசைமேல் வெள்ளிச் சிமிழ் இருந்தது. வெள்ளித் தாம்பாளம் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் நின்ற பன்னீர்ச்செம்பு இல்லை.

முதலில் பார்த்தவர் கணக்கப்பிள்ளை பொன்னழகு. அவர் கத்தவில்லை. காரைக்குடி தேவாலயப் பள்ளிக்கூடத்தின் வெளிக் கேட்டைப் பூட்டிச் சாவியை மடியில் செருகிக்கொண்டு மேடைக்கு வந்தார். "வாத்தியாரே, ஒத்திகையை நிறுத்துங்க" என்றார்.

ஓவிய வாத்தியார் சொக்கலிங்கம் அப்போது ஏரோது ராஜாவாக, அட்டைக் கிரீடத்தோடு நின்றிருந்தார். அந்த வருட கிறிஸ்துமஸ் நகைச்சுவை நாடகத்தை எழுதியவரும் நடத்தியவரும் அவர்தான். பங்குச் சாமியார் கேட்டுக்கொண்டதற்காக ஒப்புக்கொண்ட வேலை. மூன்று ராஜாக்கள் குழந்தைக்குக் காணிக்கை கொண்டுபோகும் கடைசிக் காட்சிக்காக, வள்ளிக்கண்ணு ஆச்சி தம் வீட்டு வெள்ளிச் சாமான் மூன்றை அனுப்பியிருந்தார். ராஜாக்கள் தகர டப்பாவோடு வந்தால் ஊருக்குத்தான் அசிங்கம் என்பது ஆச்சியின் கட்சி. வெறுஞ்செம்பு வீட்டைவிட்டுப் போகக் கூடாது என்று செம்பில் பன்னீரையும் நிரப்பி, காவலுக்குத் தம் கணக்கப்பிள்ளையையும் கூட அனுப்பியிருந்தார்.

வேஷம் கட்டும் அறைக்கு இரண்டு வாசல். ஒன்று தாழ்வாரத்தைப் பார்த்தது. அங்கே பொன்னழகு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மற்றொன்று மேடையின் பின்திரைக்குப் பின்னால் திறந்தது. ஏரோது சபைக் காட்சி தொடங்கியபோது செம்பு மேசையில் இருந்ததைப் பொன்னழகு கண்ணால் பார்த்திருந்தார். காட்சி முடிந்தபோது இல்லை. அந்த நேரம் முழுக்க மற்ற நடிகர்கள் எல்லோரும் மேடையில். அறைக்குள் இருந்தவர் ஒரே ஒருவர், ஆசைத்தம்பி ஆசாரி.

ஆசைத்தம்பி தச்சு வேலைக்காரர். மாட்டுக் குடிலைச் செய்ய வந்தவர். ஒருநாள் ஆள் வராத குறைக்கு, பெத்லகேமில் இடமில்லை என்று விரட்டும் சத்திரக்காரனின் வசனத்தை அவர் படித்துக் காட்ட, சாமியாரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அன்றிலிருந்து சத்திரக்காரன் அவர்தான். ஆச்சி வீட்டு மாடிக் கதவுகள் அவர் கையில் பாதி வேலையாக நின்றன. திருட்டுப் பேர் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் செட்டிநாட்டில் எந்தப் பெரிய வீட்டு நிலைவாசலையும் அவர் மறுபடி மிதிக்க முடியாது. அது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். அவருக்கு மற்றவர்களைவிட நன்றாகத் தெரியும்.

பைகளைக் கொட்டினார்கள். அங்கிகளை உதறினார்கள். குடிலின் வைக்கோலைக் கலைத்தார்கள். செம்பு கிடைக்கவில்லை. ஆசாரி ஜன்னல் வழியாக யாருக்கோ கொடுத்துவிட்டிருப்பார் என்றார் பொன்னழகு. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவதைத் தவிர வேறு வழியில்லை என்றும் சொன்னார்.

"கொஞ்சம் பொறுங்க" என்று ஒரு குரல் வந்தது.

பக்கத்திரையின் பின்னாலிருந்து நாகவல்லி வந்தாள். பெண்கள் பள்ளியில் தையல் டீச்சர், சொக்கலிங்கத்தின் மனைவி. ஸ்டூலில் உட்கார்ந்து வசனம் எடுத்துக்கொடுப்பது அவள் வேலை. அங்கிருந்து மேடை தெரியாது. அவள் நாடகத்தைக் காதால்தான் பார்ப்பாள். வீட்டில் அடுப்படியில் இருந்தபடியே, வாசலில் சைக்கிளை நிறுத்தும் சத்தத்தை வைத்துக் கணவர் அன்று பள்ளிக்கூடத்தில் யாரிடம் சண்டை போட்டார் என்று சொல்லிவிடுவாள். அதனால் அவள் பொறுக்கச் சொன்னதும் சொக்கலிங்கம் கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

"ஆசாரியாரே, சபை நடக்கையில என்ன செஞ்சீக?"

"அறை மூலையில குடிலுக்குள்ள தலைய விட்டு ஆணி அடிச்சுக்கிட்டு இருந்தேன் தாயி."

"மேசைப் பக்கம் பாத்தீகளா?"

"முதுகுல எனக்குக் கண்ணு ஏது?"

ஆணிச் சத்தம் காட்சி முழுக்க விடாமல் கேட்டதை அவள் சொன்னாள். பிறகு பொன்னழகு பக்கம் திரும்பினாள்.

"நீங்க நாற்காலிய விட்டு எந்திரிச்சீகளா?"

"தண்ணி குடிக்கக்கூட எந்திரிக்கலை."

"அப்ப அங்குட்டு இருந்து யாரும் வரலை."

"அதைத்தானே நானும் சொல்றேன்."

அவள் தலையசைத்துக்கொண்டு ஒட்டகத்திடம் போனாள். அந்த ஒட்டகம்தான் நாடகத்தின் பெருமை. மூங்கில் கூடு, மேலே சாக்குத் துணி, திமிலுக்குள் வைக்கோல். உள்ளே இரண்டு ஆள். முன்னங்கால் சவரிமுத்து, மருந்துக்கடைக்காரர். பின்னங்கால் மருது, சைக்கிள் கடைக்காரர். சபையில் ஒட்டகம் பின்திரையை ஒட்டிப் படுத்திருக்கும். ஏரோது எல்லோரையும் மிரட்டிக்கொண்டிருக்கும்போது அதன் வால் மட்டும் மெல்ல எழுந்து ஆடும். அதை யாரும் எழுதவில்லை. மருது உள்ளே ஒரு கயிறு கட்டித் தானாகச் சேர்த்துக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் எலி வைக்கோலைக் கடிக்கிறது என்று ஒட்டகத்தைத் தினமும் தன் கடைக்கு எடுத்துப் போய் வைப்பவரும் அவர்தான்.

நாகவல்லி சவரிமுத்துவிடம் கேட்ட கேள்வி யாருக்கும் புரியவில்லை.

"தலைவலி எப்படி இருக்கு?"

"இன்னிக்கு என்னமோ இல்லை டீச்சர். சாக்கு நாத்தத்துல தினம் மண்டை பிளக்கும். இன்னிக்குக் கடைசியில நல்லா மூச்சு விட்டேன்."

அடுத்து அவள் கணவரிடம் வந்தாள். "சபையில ஒரு இடத்துல நின்னுட்டீக. ரெண்டு தடவை எடுத்துக்கொடுத்தேன். நீங்க வசனத்த மறக்குற ஆள் இல்லையே."

சொக்கலிங்கத்துக்கு வெட்கமாக இருந்தது. மூன்று ராஜாக்களும், ஒத்திகை பார்க்கக் கூடத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "'என் உத்தரவில்லாமல் இந்த நாட்டில் ஒரு துரும்பும் அசையாது'ன்னு சொல்லிட்டுச் சிரிப்புக்காக நின்னேன். சிரிப்பு வரலை. நின்ன இடத்துல அடுத்த வரி மறந்துபோச்சு" என்றார். பிள்ளைகளுக்குப் புளித்துப்போயிருக்கும் என்று சமாதானமும் சொன்னார்.

"புளிக்கலை" என்றாள் நாகவல்லி.

அவள் ஒட்டகத்தின் பக்கத்தில் மண்டியிட்டு, சாக்கைத் தூக்கித் திமிலின் வைக்கோலுக்குள் முழங்கைவரை கையை விட்டாள். கல்யாண வீட்டு வாசலில் வருகிற வாசனை குப்பென்று எழுந்தது. வெளியே வந்த கையில் பன்னீர்ச்செம்பு இருந்தது. வைக்கோல் நனைந்திருந்தது. செம்பில் பாதிதான் மிச்சம்.

"செம்பு நிறைஞ்சிருக்கும்னு எடுத்தவருக்குத் தெரியாது. சாய்ச்சு வைக்கவும் ஒழுகிருச்சு. சவரிமுத்தண்ணனுக்குத் தலைவலி போனது அதனாலதான்."

சவரிமுத்து பதறிப்போனார். அப்படியானால் ஒட்டகத்துக்குள் இருந்த இருவரில் ஒருவர்தானே என்றார்.

"நீங்க இல்லைண்ணே. கழுத்துக்குள்ள தலைய மாட்டிக்கிட்டு நீங்க எங்குட்டும் போக முடியாது." அவள் எழுந்து நின்றாள். "மருதண்ணே, துரும்பு வசனத்துக்கு இன்னிக்கு உங்க வால் ஆடலை."

மருது சிரித்தார். "கயிறு அறுந்துபோச்சு நாகவல்லி."

அவள் குனிந்து கயிற்றைத் தேடி எடுத்து மெல்ல இழுத்தாள். படுத்திருந்த ஒட்டகத்தின் வால் எழுந்தது. இடது பக்கம் ஒருமுறை, வலது பக்கம் ஒருமுறை ஆடியது. கூடத்தில் இருந்த பிள்ளைகள், எப்படிப்பட்ட நேரம் என்று பார்க்காமல், கொல்லென்று சிரித்துவிட்டார்கள்.

அந்தச் சிரிப்பு அடங்கும்போது மருதுவின் முகத்தில் சிரிப்பு இல்லை.

நாகவல்லி நடந்ததைச் சொன்னாள். ஒட்டகம் படுத்ததும் மூங்கில் கூடு தானே நிற்கும், ஆள் வேண்டாம். பின்திரையின் அடியைத் தூக்கினால் அறை வாசல். ஆசாரியின் தலை குடிலுக்குள். எடுத்துக்கொண்டு திரும்பி நுழைய ஒரு பாட்டு நேரம்கூட ஆகாது. ஒட்டகத்தை யாரும் சோதிக்கப் போவதில்லை. ராத்திரி அது அவர் கடைக்குத்தான் போகும். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. வால் ஆட வேண்டிய இடத்தில் அவர் உள்ளே இல்லை, அது ஒன்றுதான் பிசகு.

 மருது யாரையும் பார்க்காமல் சொன்னார். "சத்திரக்காரன் நான்தேன். இத்தனை வருசமும் நான்தேன். இந்த வருசம் ஆணி அடிக்க வந்த ஆளுக்குக் கொடுத்துட்டு, என்னைய மூஞ்சி தெரியாத இடத்துல குனிய விட்டீக. வெள்ளி எனக்கு எதுக்கு? இவரு விலகினதும் திரும்ப வச்சிருப்பேன்."

"மூஞ்சி தெரியாமத்தேன் ஊரையே சிரிக்க வச்சீக" என்றாள் நாகவல்லி. அவள் குரலில் கோபம் இல்லை. "மேடையில அத்தனை பேர் இருந்தோம். வேற யாரு ஒரு நிமிசம் இல்லாமப் போயிருந்தாலும் எனக்குத் தெரிஞ்சிருக்காது. நீங்க இல்லைங்கிறதுதான் கேட்டுச்சு."

மருது அப்போதுதான் தலைகுனிந்தார்.

பொன்னழகு செம்பைத் துண்டால் துடைத்தார். பெயர் கெட இருந்தது ஆசாரிக்கு, என்ன செய்வது என்று அவரே சொல்லட்டும் என்றார்.

ஆசைத்தம்பி முன்னால் வந்தார். "நாளைக்குக் காலையில இவரு ஆச்சி முன்னால வந்து, எடுத்தது நான்னு தன் வாயால சொல்லணும். என் பேரு அங்க சுத்தமாகணும்" என்றார். மருது சரி என்று தலையாட்டினார். ஆசாரி ஒட்டகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "வாலு அவருகிட்டயே இருக்கட்டும். வேற ஆளு உள்ள போனா ஒட்டகம் செத்துப்போகும்" என்றார்.

மருது மறுநாள் போனார், சொன்னார். ஆச்சி அவரை நிற்க வைத்துக் கேட்டது கேட்கக்கூடியதாக இல்லை என்று பொன்னழகு பிறகு சொன்னார். ஆனால் செம்பைத் தம்மிடம் நிறுத்திக்கொள்ளவில்லை. மறுபடி பன்னீர் நிரப்பி அனுப்பினார்.

கிறிஸ்துமஸ் அன்று சத்திரக்காரன் கைதட்டலை அள்ளிக்கொண்டு போனான். சபைக் காட்சியில் சொக்கலிங்கம் துரும்பு வசனத்தைச் சொல்லி நிறுத்தினார். வால் எழுந்தது. கூடம் அதிர்ந்தது. முன்வரிசையில் ஆச்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அத்தனை சிரிப்புக்கும் நடுவே பக்கத்திரைக்குப் பின்னாலிருந்து வந்த ஒரு சிரிப்பை மட்டும் சொக்கலிங்கம் தனியாகக் கேட்டார். அடுத்த வரி அவருக்கு மறந்துபோயிற்று. அவள் எடுத்துக்கொடுத்தாள்.