புழுக்கையின் ஈரம்

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டில் இருந்தவர்கள் மூன்று பேர். அண்ணன், பின்னறையில், பூட்டிய கதவுக்குள். அண்ணி, சமையலறையில், அந்தப் பூட்டின் சாவியை இடுப்பில் செருகியபடி. டார்ச், குளியலறையில், கையில் தேய்ப்பு பிரஷ்ஷோடு குத்துக்காலிட்டு. வடிகால் சல்லடையின் மேல் கிடந்ததை இந்த மூவரில் யாரும் போட்டிருக்க முடியாது என்றுதான் அவள் முதலில் நினைத்தாள்.

அது ஒரு புழுக்கை.

டார்ச் என்பது தங்கைக்காரிக்கு வேலையிடத்தில் வைத்த பெயர். தக்காளி வளர்க்கும் ஒரு பசுமைக்குடிலில் மூன்று பேருக்குமே வேலை. அண்ணன் மருந்தடிப்பான். அண்ணி பக்கக் கிளைகளைக் கிள்ளுவாள். இவள் கொம்புப்புழு பொறுக்குவாள். விரல் நீளத்துக்குப் பச்சைப்புழு, வால் நுனியில் ஒரு கொம்பு, விலாவில் ஏழு வெள்ளைச் சாய்கோடுகள்; மூக்குக்கு நேரே இருந்தாலும் இலையோடு இலையாகிவிடும், மற்றவர்கள் கண்ணுக்குத் தட்டுப்படாது. இவள் புழுவைத் தேடுவதே இல்லை. கீழ் இலையில் புழுக்கை கிடக்கிறதா என்று பார்ப்பாள், கிடந்தால் நேர் மேலே பார்ப்பாள், அங்கே இருக்கும். புழுக்கையின் பருமனை வைத்தே அது எத்தனையாவது தோலை உரித்த புழு என்று சொல்லிவிடுவாள். கடுகளவு என்றால் குட்டி. மிளகளவு என்றால் கடைசித் தோல், நாளைக்குள் செடி மொட்டை. பிறகு இரண்டு விரலால் நசுக்கிப் பார்ப்பாள். உள்ளே ஈரம் இருந்தால் இன்றைக்குப் போட்டது, புழு இன்னும் தின்றுகொண்டிருக்கிறது. பொடியாக உதிர்ந்தால் பழசு, புழு மண்ணுக்குள் போயாயிற்று, தேடுவது வீண்.

சல்லடையில் கிடந்தது எலுமிச்சம்பழ அளவு இருந்தது. கரும்பச்சை. ஆறு மேடு, ஆறு பள்ளம், அச்சில் வார்த்ததுபோல.

அவள் யோசிப்பதற்கு முன்னால் கை எடுத்துவிட்டது. எடுத்த கை நசுக்கியும் விட்டது. உள்ளே பிசுபிசுவென்று ஈரம். விரல் இடுக்கில் பச்சையாகப் பிதுங்கி, மணிக்கட்டில் வழிந்தது. பாதி அரைபட்ட இலை நரம்புகள் அதில் நூல் நூலாக இருந்தன. நாள் பூராவும் மூக்கில் ஏறிக் கிடக்கும் அதே தக்காளித் தழை வாசம்தான். ஆனால் அதற்கு அடியில் இன்னொன்று. ஒரு வயிற்றுக்குள் கிடந்து புளித்து, வெதுவெதுப்பாக வெளியே வந்த வாசம்.

பழக்க தோஷம், நிமிர்ந்து மேலே பார்த்தாள். கூரையில் மழைநீர் ஊறிய கறையைத் தவிர ஒன்றுமில்லை. பிறகுதான் சுவரைப் பார்த்தாள். பின்னறையைக் கழுவிவிடும் தண்ணீர் இந்தப் பக்கம் வருவதற்காகச் சுவரடியில் ஒரு ஓட்டை உண்டு. அதன் விளிம்பு முழுவதும் பச்சை படிந்திருந்தது.

சோப்புப் போட்டு ஏழு தடவை கழுவினாள். நகக்கண்ணில் பச்சை போகவில்லை.

"அண்ணி, அண்ணன் என்ன சாப்பிடுறாரு?"

அண்ணி திரும்பவில்லை. "எல்லாரும் சாப்பிடுறதைத்தான். ஏன், நீ ஆக்கிப் போடப் போறியா?"

"ஓட்டை வழியா ஒண்ணு வந்திருக்கு."

"பல்லி எச்சமா இருக்கும்."

"அந்த அளவுக்குப் பல்லி இருந்தா நாமதான் ஓட்டை வழியா வெளியே போகணும்."

அண்ணி கரண்டியை வைத்துவிட்டு இவளைப் பார்த்தாள். அண்ணன் அறைக்குள் அடைந்த இந்த ஒரு மாதத்தில் அவள் கன்னம் ஒட்டிப் போயிருந்தது. "தோல் வியாதின்னு சொன்னேன்ல. ஒட்டிக்கும். டாக்டர் யாரையும் உள்ளே விட வேண்டாம்னுட்டார். உங்க அண்ணன்மேல உனக்கு இருக்கிற அக்கறை எனக்கு இல்லாமப் போயிடுச்சா? போ, கையைக் கழுவு."

"கழுவிட்டேன்."

"மறுபடி கழுவு. நாறுது."

அன்று அவள் இடது கையால் கரண்டி பிடித்துச் சாப்பிட்டாள். நாலு வாய்க்கு மேல் இறங்கவில்லை.

மழை விடாமல் பெய்தது. முன்னறையில் பாயைப் போட்டுப் படுத்தவளுக்குக் காது மட்டும் பின்னறைக் கதவில் ஒட்டிக்கொண்டது. சில வாரமாகவே அந்தப் பக்கமிருந்து ஒரு சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. காய்ந்த காகிதத்தின்மேல் தூறல் விழுவதுபோலச் சரசரவென்று, நிற்காமல், மூச்சு வாங்காமல். தூறல் என்றே நினைத்திருந்தாள். தூறல் இல்லாத நாளிலும் கேட்டதே என்று இப்போதுதான் உறைத்தது. குடிலில் நூறு புழு ஒரே நேரத்தில் இலையை அரைத்தால் அந்தச் சத்தம்தான் வரும். இன்றைக்கு மழை ஓட்டின்மேல் கொட்டிய கொட்டில் உள்ளே சத்தம் இருக்கிறதா இல்லையா என்று பிரித்துக் கேட்க முடியவில்லை.

அண்ணி தினமும் குடிலிலிருந்து சாக்கு நிறையக் கிள்ளிய தழையைக் கொண்டுவந்தது ஞாபகம் வந்தது. கேட்டதற்கு, "உரக்குழிக்கு" என்றாள். போன வாரம் சாக்கு கனத்தது. மழையில் நனைந்த தழை என்று நினைத்து, ஒரு நாள் இவளே ஒரு முனையைப் பிடித்துத் தூக்கி வந்தாள்.

இந்த வீட்டில் உரக்குழி கிடையாது.

திங்கட்கிழமை காலை மேஸ்திரியின் அறைக்குப் போனாள். குடிலின் வாசலை ஒட்டிய தகரத் தடுப்பு அது. சுவரில் பூச்சிமருந்துக் கம்பெனிக்காரன் கொடுத்த படம் தொங்கியது. முட்டை, புழு, கூட்டுப்புழு, அந்துப்பூச்சி, நாலையும் அம்புக்குறி போட்டு வட்டமாக இணைத்திருந்தார்கள்.

"என்ன டார்ச்சு, பேட்டரி இறங்கிப்போச்சா? மூஞ்சி இருண்டு கெடக்கு."

"மேஸ்திரி, இந்தப் புழு தின்னு முடிச்சதும் என்ன பண்ணும்?"

"இத்தனை வருஷமா அதைப் பொறுக்கிப் பொறுக்கிச் சோப்புத் தண்ணியில போடுறே. இப்பத்தான் விசாரிக்கணும்னு தோணிச்சா?" அவர் பேனாவால் படத்தைத் தட்டினார். "மூணு நாலு வாரம் தின்னும். அப்புறம் திடீர்னு நிறுத்திடும். வயித்துல இருக்கிறதெல்லாம் தண்ணியாக் கழிஞ்சிடும். முதுகுல ஒரு கோடு துடிக்கும் பாரு, அதான் அதோட இருதயம். அப்புறம் ஒரு நாள், ஒன்றரை நாள் பைத்தியம் மாதிரி அலையும். மண்ணைத் தேடித்தான். கிடைச்சதும் உள்ளே போயிடும். அதை யாராவது சீண்டினா தலையைத் தூக்கிக்கிட்டுச் சிலை மாதிரி உக்காரும், பார்த்திருப்பியே. அதுக்காகத்தான் எகிப்துல இருக்கிற சிலையோட பேரை, ஸ்பிங்க்ஸ்னு வெச்சான். சிலைக்கு இருக்கிற மரியாதை நமக்கு இல்லை."

"மண்ணுக்குள்ள போனதுமே மாறிடுமா?"

"உடனே இல்லை. நாலஞ்சு நாள் புழுவாவேதான் சுருண்டு கிடக்கும். அதுக்குள்ள எடுத்தா புழுதான். அதுக்கப்புறம் தோலை உரிச்சிட்டுக் கூட்டுப்புழு ஆயிடும்."

"ஆனப்புறம் எடுத்தா?"

"எடுத்து?" மேஸ்திரி சிரித்தார். "ஒருதடவை மண்வெட்டி பட்டு உடைஞ்சதைப் பார்த்தேன். உள்ளே புழுவும் இல்லை, பூச்சியும் இல்லை. கஞ்சி. மொத்தமாக் கரைஞ்சுதான் மறுபடி ஆகும்போல. அன்னிக்கு எனக்கு மத்தியானச் சாப்பாடு இறங்கலை."

டார்ச் விரலில் கணக்குப் போட்டாள். புழுக்கை நேற்று ஈரமாக இருந்தது. நேற்றுவரை தின்றிருக்கிறான். இனிமேல் நிறுத்தி, அலைந்து, மண்ணுக்குள் போனாலும் நாலு நாள் இருக்கிறது. அதற்குள் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டால் அண்ணன் அண்ணனாகவே இருப்பான். என்ன வியாதியோ, ஊசி இருக்கும், மாத்திரை இருக்கும். எதுவும் இல்லாவிட்டாலும் மண் இல்லாத ஒரு கட்டில் இருக்கும்.

"சாயங்காலம் ஆறு மணிக்கு வேனைக் கொஞ்சம் வீட்டுக்கு அனுப்புறீங்களா? அண்ணனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்."

"அனுப்புறேன். மருந்தடிக்க ஆள் இல்லாம இங்கே புழு என் சட்டையைத் தின்னுது. சீக்கிரம் தேத்திக் கொண்டு வா."

அண்ணி அன்று வேலைக்கு வரவில்லை. டார்ச் ஐந்து மணிக்கெல்லாம் கிளம்பி வீடு வந்தாள். மழை விட்டு, மஞ்சள் வெளிச்சம் ஜன்னலில் அழுக்காக நின்றது. அண்ணி பின்னறைக் கதவுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"ஆறு மணிக்கு வேன் வருது, அண்ணி. நீங்க என்ன சொன்னாலும் கூட்டிட்டுத்தான் போகப் போறேன்."

சண்டை வரும் என்று நினைத்தாள். அண்ணி இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள். "நான் ஒருத்தியாவே எவ்வளவு நாள்தான் பார்த்துக்கிட்டு இருக்கிறது. நீயும் பாரு. கூடப் பிறந்தவதானே." பூட்டைத் திறந்தாள். "ஆனா தோண்டாதே. உன் கை எனக்குத் தெரியும். பார்த்துட்டு வந்துடு."

வாசம் முதலில் வந்தது. மழைக்கால மண்ணின் வாசம், அதில் ஊறிய கழிச்சலின் வாசம், மூடிய டப்பாவில் மறந்துபோன சோற்றின் இனிப்பு நெடி, மூன்றும் கலந்து தொண்டையின் பின்பக்கம் எண்ணெயாக ஒட்டியது. துப்பினாள். போகவில்லை. கட்டிலைச் சுவரோரம் நிறுத்திவைத்திருந்தார்கள். சுவரில் தோள் உயரத்துக்குச் சுற்றிலும் ஒரு பச்சைத் தீற்றல். சாய்ந்து சாய்ந்து, சுற்றிச் சுற்றி யாரோ நடந்த தடம். மூலையில் ஒரு லுங்கி. அதன்மேல் அண்ணனின் தலைமயிர், மொத்தமும், கொத்தாக, தோல் ஒட்டியபடி.

அறையின் நடுவே மண். முழங்கால் உயரத்துக்கு, ஆள் நீளத்துக்கு. சாக்குச் சாக்காக வந்த மண். மேற்பரப்பைக் கையால் மெழுகி வழவழப்பாக்கியிருந்தார்கள்.

உள்ளே போய்விட்டான். இன்றைக்குத்தான் போயிருக்க வேண்டும். இன்னும் நாலு நாள். புழுவாகத்தான் இருப்பான், புழுவானாலும் எடுத்துவிடலாம். வேன் வரும்.

மண்டியிட்டாள். தோண்டினாள்.

மண் வெதுவெதுப்பாக இருந்தது. விரல் நுழைய நுழைய இன்னும் சூடு. ஒரு முழ ஆழத்தில் பொந்து. உட்சுவர் எச்சில் பூசியதுபோல மொழுமொழுவென்று. அதற்குள் கையை விட்டாள்.

வழவழப்பாக ஏதோ.

தோல் இல்லை. ஓடு. மெல்லிய ஓடு, ஈரமான நகம் மாதிரி. மண்ணை வாரித் தள்ளினாள். செம்பழுப்பு. வளையம் வளையமாக இடுப்பு. மேலே ஒரு நெற்றி. மூடிய இரண்டு கண்ணின் மேடு. மூக்கு இருந்த இடத்திலிருந்து கை தடிமனில் ஒரு குழல் கிளம்பி, கூஜாவின் பிடிபோல வளைந்து, மார்பில் போய் ஒட்டியிருந்தது.

இது நாலு நாள் இல்லை.

கையை எடுக்க நினைத்தாள். கட்டைவிரல் அதற்குள் அழுத்திவிட்டது. ஆயிரக்கணக்கில் நசுக்கிய விரல். எங்கே அழுத்தினால் உடையும் என்று அதற்குத் தெரியும்.

சளக்.

வெள்ளையும் பச்சையும் கலந்து கொழகொழவென்று வந்தது. சூடாக. விரலுக்கு மேல், மணிக்கட்டுக்கு மேல், முழங்கைவரை. முகத்தில் தெறித்தது. உதட்டில் பட்டது. உப்பு. நூல் நூலாக ஏதோ. நடுவில் ஒரு பல்.

வாந்தி அதன்மேலேயே விழுந்தது. எது எதுவென்று தெரியவில்லை.

"என்ன பண்ணினே?" வாசலில் அண்ணி. குரல் உயரவில்லை.

"நேத்துத்தான்... ஈரமா இருந்துச்சு அண்ணி. புழுக்கை ஈரமா இருந்துச்சு."

"எப்பவும் தண்ணி ஊறுற அந்த ஓட்டையில எது காஞ்சிருக்கு?" அண்ணி சொன்னாள். "போன ஞாயித்துக்கிழமையே உள்ளே போயிட்டாரு. எட்டு நாளாச்சு."

டார்ச் இரண்டு கையாலும் விரிசலை மூடப் பார்த்தாள். இடுக்கு வழியாக வழிந்துகொண்டே இருந்தது.

"என்னவா வந்தாலும் வரட்டும், என் புருஷன்தானேன்னு காத்துக்கிட்டு இருந்தேன்."

"அண்ணி, ஒரு துணி குடுங்க. துணி."

அண்ணி துணி கொடுக்கவில்லை. கதவின் கைப்பிடியில் கை வைத்திருந்தாள்.

டார்ச் குனிந்தாள். ஓட்டின் பாதி காலியாகியிருந்தது. உள்ளே, குழம்புக்கு நடுவில், இன்னும் கரையாத ஒன்று மட்டும் மிதந்தது. முதுகுக் கோடு. துடித்துக்கொண்டிருந்தது.

"அண்ணே."

வால் பக்கத்து வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்று உரசின. மெதுவாக. இடுப்பு மடங்கியது. கண் மூடிய அந்த முகம், வழிந்தபடியே, குரல் வந்த பக்கம் திரும்பியது.

பின்னால் கதவு சாத்திக்கொண்டது. பூட்டில் சாவி இரண்டு சுற்றுச் சுற்றியது.